முதலாளியை ‘நீ’ என்ற நாள்

1919, ஏப்ரல் 3
ஊர் மன்றத்துக்குத் தலைவனாகிவிட்டேன். இருபது பேரில் பதினொரு கை எனக்காக உயர்ந்தது. மரம் அறுக்கும் ஆலையில் ரம்பப் பல்லுக்கு அரம் போடுகிறவன் ஊருக்குத் தலைவன்! ஓட்டமாக வந்து தெக்லாவிடம் சொன்னேன். “தலைவராயாச்சா? ரொம்ப சந்தோஷம். போய் ரெண்டு வாளி தண்ணி கொண்டா,” என்றாள். இருபது வருடம் குடித்தனம் செய்தவள் வேறென்ன சொல்வாள்? கொண்டுவந்தேன். மேடு ஏறுவதற்குள் பாதி என் காற்சட்டையில்.

ஏப்ரல் 9
மேட்டடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து தெக்லாவின் வலது தோள் மறுபடி வீங்கிவிட்டது. சட்டையைக் கழற்றக்கூட நான்தான் உதவ வேண்டியிருக்கிறது. அந்தக் கிணற்று நீரைக் குடித்துத்தான் போன இலையுதிர்காலத்தில் சின்ன மகள் எப்பா ஆறு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டும் எழவே இல்லை.

காட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டால் தீர்ந்தது. ஆனால் அது ஆலை முதலாளி ஹம்ரேனின் நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மூன்று முறை கேட்டோம், மூன்று முறையும் முடியாது என்றார். போன வருடம் வரை மன்றத் தேர்தலில், சொத்துக் கணக்குப்படி, அவர் ஒருவருக்கே நாற்பது ஓட்டு, எனக்கு ஒன்று. கத்திக் கத்தி இப்போது ஆளுக்கு ஒன்று என்றாகிவிட்டது. ஓட்டு போனாலும் நிலம் அவருடையதுதானே? இந்தக் கோடையில் தோண்டாவிட்டால் மண் உறைந்துவிடும். இன்னொரு குளிர்காலமும் அதே கிணறு.

ஏப்ரல் 24
ஐயோ, என்ன காரியம் செய்தேன்!

முதல் கூட்டம். குழாய் விஷயம் வந்தது. எங்கள் தொழிற்சங்கத்து ஃபிரான்ஸைக் கேட்டேன்: “ஃபிரான்ஸ், நீ என்ன சொல்றே?” சங்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். அதே வேகத்தில் அடுத்த நாற்காலி பக்கம் திரும்பி — அங்கே உட்கார்ந்திருந்தது ஹம்ரேன் — “நீ என்ன சொல்றே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

பதினான்கு வயதிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தே, “முதலாளிக்குச் சம்மதமா? முதலாளி என்ன நினைக்கிறார்?” என்று மூன்றாம் மனிதரைப் போலத்தான் பேசியிருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி, ‘இனி நாம் நீ என்றே பேசிக்கொள்வோம்’ என்று பெரிய இடத்தில் இருப்பவர்தான் முதலில் அழைக்க வேண்டும்; மற்றவர் கை கொடுத்துத் தன் பேரைச் சொன்னால் அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள். இன்று பெரிய நாற்காலியில் இருந்தது நான். சனியன், அது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஹம்ரேன் மெல்ல எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து கை நீட்டினார். “நன்றி. என் பேரு ஹென்னிங்.” நானும் எழுந்து, “எவால்ட்,” என்றேன். வேறு என்ன செய்வது? குழாய்ப் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

ஏப்ரல் 25
ஆலை முழுக்க ஒரே சிரிப்பு. “இனி உனக்கும் முதலாளிமார் போடுற பட்டுத் தொப்பிதானா?” என்கிறான் ஃபிரான்ஸ். போடா.

ஏப்ரல் 29
ஹம்ரேனிடமிருந்து கடிதம். “அன்புள்ள எவால்ட், என் நிலத்தின் வழியாகக் குழாய் கொண்டுபோகச் சம்மதம். ஹென்னிங்.” கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன.

தெக்லா அழுதேவிட்டாள். எனக்குத்தான் நெஞ்சு உறுத்துகிறது. நான் வேண்டுமென்றே நட்புக்கு அழைத்தேன் என்று நினைத்துத்தானே கொடுத்திருக்கிறார்? வாய் தவறியதற்கு விலையாக ஒரு குழாயா? சொல்லிவிட்டால் பிடுங்கிக்கொள்வாரோ? தெக்லாவிடம் கேட்டேன். நெடுநேரம் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். “சொல்லிடு,” என்றாள்.

மே 4
சொல்லிவிட்டேன். அவர் வீட்டு முன்கூடத்தில், தொப்பியைப் பிசைந்துகொண்டு.

“தெரியும். உன் காது ரெண்டும் பீட்ரூட் மாதிரி சிவந்துதே,” என்றார்.

“தெரிஞ்சுமா எழுந்து கை குடுத்தே?”

“என் பொண்டாட்டி மார்கிட் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. தவறி வந்தாலும் சரின்னு வாங்கிக்கிட்டேன்.”

“அப்போ குழாய்?”

“அது வேற. நீங்க கெஞ்சினப்போ எல்லாம் முடியாதுன்னு சொல்லியே பழகிட்டேன். அன்னிக்குத்தான் ஒருத்தன், ‘நீ என்ன சொல்றே’ன்னு கேட்டான். கேட்டா யோசிக்கணுமில்ல?”

காபி குடித்துவிட்டு வந்தேன். ஏலக்காய் ரொட்டி பிரமாதம்.

ஜூலை 12
தோண்டுகிறோம். கொசு பிடுங்கித் தின்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன்.

செப்டம்பர் 21
காலையில் அடுப்படிக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துரு, பிறகு பளிங்காக. எப்பா மூன்று குவளை குடித்தாள். காய்ச்சிக் குடி என்று யாரும் அவளை அதட்டவில்லை.

அக்டோபர் 30
மாவட்டக் கட்சியிலிருந்து கடிதம். அடுத்த வருடம் நாடாளுமன்றத்துக்கு நிற்கச் சொல்கிறார்கள். ஜெயித்தால் வருடத்தில் பாதி நாள் ஸ்டாக்ஹோமில். இவளை விட்டுவிட்டு எப்படி? தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன்.

தெக்லா மேல் அலமாரியிலிருந்து காபித் தூக்கை வலது கையாலேயே எடுத்து இறக்கினாள்.

“போயிட்டு வா, எவால்ட். எனக்கு இப்போ வலிக்கல.”