மூணாங்கிளாஸ் வெர்பு

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி முனீஸும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை இது, எந்த அழகில் நலமாக இருக்கிறோம் என்பதைக் கீழே படித்துக்கொள். டில்லி வெயிலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்ல ஆரம்பித்தால் கிளாஸ் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், அதனால்தான் எல்லாரும் தூங்கின பிறகு தாளில் எழுதுகிறேன்.

நம் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை சித்திரை மழையிலேயே அடுப்படிச் சுவரை அரிக்கத் தொடங்கிவிட்டது, மேலே காலியாகக் கிடக்கிற குவார்ட்டர்ஸில் எங்களைக் குடிவையுங்கள் என்று மேனேஜருக்கு மனு எழுதினேன் அல்லவா. புதிதாக வந்தவர் வடநாட்டுக்காரர், தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது, அதனால் இங்கிலீஷில். நானும் தேனியில் பி.காம். படித்தவள்தான், தண்ணீர் வருகிறது, சுவர் போகிறது என்று எனக்கு வந்த இங்கிலீஷில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பிழை மட்டும் பார் என்று உனக்கு அனுப்பினால் நீ என்ன செய்தாய்? என்னம்மா எங்க பாத்தாலும் கம், கோ, இதெல்லாம் மூணாங்கிளாஸ் வெர்பு, தண்ணிக்குன்னே இங்கிலீஷ்ல எத்தனை வெர்பு இருக்கு தெரியுமா என்று சொல்லி மர்மர், பேபிள், ரிப்பிள் என்று அடுக்கித் திருப்பி அனுப்பினாய். படிக்கப் பாயசம் மாதிரி இருந்தது. நானும் மயங்கி, லயத்தின் எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் படித்தார், சிரித்தார், இன்னொரு தடவை படித்தார். இந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே டூரிஸ்டுகள் காசு கொடுத்து வருகிறார்கள், உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது, இதை விட்டு ஏன் மேலே போக வேண்டும் என்று கேட்டார். உன் அப்பாவாவது எதிர்த்துப் பேசினாரா, எம் மவ திருத்துனது சார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். மர்மர் என்றால் முணுமுணுப்பதாம், பேபிள் என்றால் கைக்குழந்தை மழலை பேசுகிற மாதிரியாம். ஏண்டி, மழலை பேசுகிற ஓடைக்குப் பயந்து எட்டுக் குடும்பம் வீடு மாற்றிக் கேட்குமா? நீ இந்த ஓடைச் சத்தத்தில் படுத்து வளர்ந்தவள்தானே, மழைக்காலத்தில் அது முணுமுணுத்து என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?

போன வாரம் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது ஓடைச் சத்தம் நின்றுவிட்டது. வானம் கொட்டுகிறது, ஓடையில் சத்தமே இல்லை. அடுத்த வீட்டுப் பூமாரி அக்கா, அப்பாடா, இன்னைக்காவது வாய மூடுச்சே என்கிறாள். நானோ, இத்தனை மழைத் தண்ணீரும் எங்கே போயிற்று, மேலே எங்கேயோ மண்ணும் மரமும் விழுந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கத்தினேன். டீயக் குடிச்சிட்டுப் போலாம்டி என்கிறார் உன் அப்பா. தம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, திட்டு வாங்கி, எல்லாரையும் மேட்டில் இருக்கிற பிள்ளைக் காப்பகத்துக்கு ஏற்றினேன். பூமாரி அக்கா கோழிக்கூடையோடு வந்தாள், வழியெல்லாம் என்னைக் கிறுக்கி என்றாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாதிப் பேர் திரும்பிப் போகலாம் என்று எழுந்தபோது அடைப்பை உடைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு உன்னிடம் வெர்பு இருந்தாலும் எனக்கு வேண்டாம். எட்டு வீட்டு அடுப்படியும் போய்விட்டது. முனீஸ் படுக்கிற பாயில் ஒரு கல் கிடந்தது, இரண்டு ஆள் சேர்ந்துதான் புரட்ட முடிந்தது.

மறுநாள் மேனேஜர் முழங்கால் சேற்றில் வந்து நின்று, என்ன நடந்தது என்று எழுதித் தாருங்கள் என்றார். இந்தத் தடவை உனக்கு அனுப்பவில்லை. வாட்டர் கேம், வால் வென்ட், வி ஆர் கோயிங் அப், அவ்வளவுதான் எழுதினேன். படித்தார், சிரிக்கவில்லை, சாவியைக் கொடுத்தார். இப்போது குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம், நீ வந்தால் கட்டில் போட இடம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு போன் பண்ணாதே, கோபம் தீர இன்னும் இரண்டு நாள் ஆகும், அதற்கப்புறம் பண்ணு. பரீட்சையை நன்றாக எழுது, தலையைக் காயவைத்துப் படு, நம் கருப்பசாமி உன் கூடவே இருப்பார். ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு மேலே குழாய் ஒழுகுகிறது, ராத்திரி கேட்க இனிமையாக இருக்கிறது என்றாயே, நாளைக்கே வார்டனிடம் போய்ச் சொல். ஒழுகுகிறது என்று மட்டும் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ராமலட்சுமி