கனத்த குழாய்

அன்புள்ள மாமா,

சோழவரம் கார் பந்தயத்துக்கான என் காருக்குள் இரும்புக் கூண்டு கட்ட நான் நாற்காலிக் குழாய் வாங்கி வந்தேன். நீங்கள் அதை வீசிவிட்டுக் கனத்த பாய்லர் குழாயைப் பற்றவைத்தீர்கள்.

"புளி மூட்டையா ஏத்தப் போறேன்? இன்னாத்துக்கு இவ்ளோ கனம்?" என்று கத்தினேன்.

"வண்டி உருண்டு தல நசுங்கினா, வேற தல பத்தவைக்க முடியாதுடா" என்றீர்கள்.

அதற்குத்தான் சுத்தியலை எடுத்து உங்கள் வலது கையில் அடித்தேன். அக்கா அலறியும் நிறுத்தவில்லை.

நேற்று ஜமுனாமரத்தூர் இறக்கத்தில் ஓட்டிப் பழகும்போது கார் நான்கு முறை உருண்டது. கூரைத் தகடு பிய்ந்து பறந்தது. பாறையில் மோதியும் கூண்டு நசுங்கவில்லை. எனக்கு இரண்டு பல் போனதோடு சரி.

போளூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருப்பது, போன மாதம் நீங்கள் படுத்திருந்த அதே கட்டிலாம். நர்ஸம்மா சொன்னார்.

விரல்கள் மடங்குகின்றனவா, மாமா?

உங்கள் மச்சினன்