நாணலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

இலஞ்சி
சோபகிருது வருஷம் தை 12

சிரஞ்சீவி குத்தாலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. குமரன் கிருபையில் நானும் அப்பாவும் சுகம் என்று நீ கேட்காமலே எழுதிவிடுகிறேன். பம்பாயிலிருந்து நாலு பக்கம் எழுதி நீ விசாரித்தது நம் வயலை ஒட்டிய நாணலில் இருக்கும் குருவியைத்தானே, அதுவும் சுகம். என் முழங்கால் வலியை அதுவும் விசாரிக்கவில்லை, உன்னோடு பழகிய குருவி அல்லவா.

நீ சொன்னபடி தினம் காலையில் போய்ப் பார்த்து, பால் கணக்கு நோட்டிலேயே குறிக்கிறேன். மார்கழியில் சத்தம் கேட்டது ஒன்பது நாள், உருவம் தெரிந்தது மூன்று நாள். உலகத்திலேயே அருகிப்போன இனம் என்று நீ எழுதியதும் மயில் மாதிரி ஏதோ என்று நினைத்தேன், பார்த்தால் காய்ந்த சருகுக்கு மூக்கு வைத்தாற்போல் இருக்கிறது. குரலாவது உண்டா என்றால் பாக்கு இடிப்பதுபோல் டக் டக் என்கிறது. இதற்கிடையில் உன் சித்தப்பா நாணலை வெட்டிக் கொளுத்திவிட்டு வாழை வைக்க ஆள் கூப்பிட்டுவிட்டார். குருவி பங்குனியில் வடக்கே போனாலும் ஐப்பசியில் இதே புதருக்குத்தான் திரும்பி வருமாம், விட்டுவிடுங்கள் என்றேன். ஏ மைனி, ஒங்க மவன் பெத்தவளப் பாக்க வரமாட்டேங்கான், குருவிக்கு மட்டும் வக்காலத்து வாங்குதானோ என்று கேட்டார். கேள்வி நியாயமானது என்பதால் உனக்கும் எழுதிவைக்கிறேன்.

கடைசியில் குமரன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டோம். வெள்ளை வந்தால் நாணல் நிற்கும், சிவப்பு வந்தால் வாழை. இலையில் இரண்டு பொட்டலமும் கட்டியது நான், எடுத்தது சித்தப்பா. வெள்ளை நந்தியாவட்டை வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவனே சொல்லிட்டான், இனி நாணல்ல கை வைக்கமாட்டேன் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சிற்றாற்றில் விட்டேன். அதிலும் நந்தியாவட்டைதான். முப்பது வருஷம் சஷ்டி விரதம் இருந்து சேர்த்த புண்ணியம் உன் சருகுக் குருவிக்குப் போயிற்று.

பரிகாரமாக உன் தலைமுடியை நேர்ந்திருக்கிறேன். என்னுடையது நரைத்துவிட்டது, குமரனுக்கு எதற்கு. பங்குனி உத்திரத்துக்கு வந்து மொட்டை போட்டுக்கொள். அம்மாவைப் பார்க்க என்று லீவு கேட்காதே, குருவியைப் பார்க்க என்று கேள், உன் பறவை ஆராய்ச்சி ஆபீசில் உடனே கொடுப்பார்கள். வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இரு. கடிதத்தைக் கிழித்துப்போடு. குமரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உனக்கும். சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருப்பது நீ வந்து சேருவதைப் பொறுத்தது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
உலகம்மாள்