சம்பள உச்சவரம்பு

செப்டம்பர் 7, கெல்லிவில், சிட்னி

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் ரக்பி லீக் அணி இந்த வருஷம் பட்டியலில் கடைசி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து இந்த கிளப்பிலேயே ஆடி வளர்ந்த ஒரு பையனை இன்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அதில் அவனுக்கு இடமில்லையாம். வெளியூரிலிருந்து அள்ளிக் கொடுத்துக் கூட்டிவந்த நட்சத்திரம் பாதி சீசன் காயத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடம் இருக்கிறது.

சாப்பிடும்போது மனைவி கவிதாவிடம் பொருமினேன். அவள் தஞ்சாவூர்க்காரி. ரக்பி பார்த்ததே இல்லை.

"நில உச்சவரம்பு மாதிரியா? அப்ப பண்ணையார் தப்பிச்சிருப்பாரு, குத்தகைக்காரன்தான் வெளிய போயிருப்பான்" என்றாள்.

அதேதான் என்று தலையாட்டினேன்.

"சரி, கடைசில வந்ததுக்கு கிளப்புக்கு என்ன தண்டனை?"

"ஒண்ணுமில்ல. இங்கிலாந்து கால்பந்துன்னா கீழ்ப்பிரிவுக்கு இறக்கிடுவாங்க. இங்க யாரையும் இறக்குற வழக்கமே இல்ல."

"அந்தப் பையனை இறக்கிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

தோற்கவைத்த நிர்வாகிகள் அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் உட்காருவார்கள். ஓடி உழைத்தவன் மட்டும் மூட்டை கட்டுகிறான்.

படுக்கப் போகும்போது கிளப்பிலிருந்து மின்னஞ்சல். உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமாம். 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று ஆரம்பிக்கிறது.