நீங்கள் போட்ட சட்டத்தை மாற்றிவிட்டோம்

என் உயிரான ரோஸியப்பாவுக்கு,

சங்கத்து மலரில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உங்களைப் பற்றி ஊருக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நேற்று உலை வைத்தேன். அரிசி போடாமலே தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. ரோஸி வந்து அடுப்பை அணைத்தாள். உங்கள் தம்பி தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார். மரம் இறக்க விடாத இந்தக் கச்சான் காற்று இன்னும் நிற்கவில்லை.

கடலில் உயிர் போனவர்களின் குடும்பத்துக்கு உதவுகிற சங்கம் இது. கமிட்டியில் இருக்கிறவர்கள் மாதாமாதம் முதலில் தங்கள் பணத்தைத் தட்டில் போட வேண்டும், போடாதவர் நாற்காலியை விட வேண்டும் என்று சட்டம் வைத்தது நீங்கள்தான். "நாம போடாம, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊர்ல போயி கேக்கது?" என்றீர்கள். நல்ல மீன்பாடு உள்ள மாதம் அது. எல்லோரும் கை தட்டினார்கள். காற்று மாதத்தை ஒருவரும் நினைக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள், எப்படி மறந்தோம்?

அன்று காலையில் நான் சொன்னேனே, "காத்து நல்லால்லியே, போகாண்டாம்" என்று. "ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்குளா. வெறுங்கையோட போயி உக்காரச் சொல்லுதியா?" என்றீர்கள். சின்னக் கட்டுமரத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனீர்கள். மரம் முதலில் கரைக்கு வந்தது. பிறகு உங்களைக் கொண்டுவந்தார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. உங்கள் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கமிட்டியில் கடல் தொழில் செய்கிறவர்களில் மிக்கேல் மட்டும் வந்து வாசலில் நின்றான். மற்றவர்கள் போடப் பணம் இல்லாமல் வெட்கப்பட்டு வரவில்லை. சட்டத்தை மாற்றலாமா என்று பேச்சு வந்ததும் தலைவர் அந்தோணி அண்ணாச்சிதான் பேசினார்.

"ரோஸியப்பா வச்ச சட்டம். அத மாத்துனா அவருக்குத் துரோகம்லா?"

"ஒம்ம கருவாட்டுக் கடையில கச்சான் அடிக்காது அண்ணாச்சி. நீரு பேசுவீரு" என்றான் மிக்கேல். பங்குச் சாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

நான் எழுந்தேன்.

"அவுக இருந்தா மாத்த விடமாட்டாக. இல்லாததுனாலதான் மாத்தச் சொல்லுதேன்" என்றேன்.

கடைக்காரரும் சம்பளக்காரரும் மாதாமாதம் போடட்டும். கடலுக்குப் போகிறவர் காற்று மாதங்களில் போட வேண்டாம். காற்று நின்றபின் ஒரு நாள் மீன்பாட்டில் தன் பங்கைப் போட்டால் போதும். அதுவரை நாற்காலி அவருடையதுதான். இதைத்தான் கேட்டேன்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நீயே சங்கத்துல பணம் வாங்குதவ. நீயும் கமிட்டியில இருந்து குடுத்தா, நான் என்னன்னு கணக்கு எழுத?"

"மீன் வித்துக் குடுக்கத நான் பாத்துக்கிடுதேன். எழுதத நீங்க பாருங்க அண்ணாச்சி."

எழுதிக்கொண்டார். சாமியார் வாசித்துக் காட்டினார். எல்லோரும் கை தூக்கினார்கள். மிக்கேல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

கோபமா உங்களுக்கு? உங்கள் ரோஷத்தை நான் குறைத்துப்போட்டேன் என்று நினைப்பீர்களோ? கொடுக்காமல் கேட்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது சரிதான். அதற்காகச் செத்துப்போகச் சொன்னது யார்?

வருகிற ஞாயிறும் கூட்டம். என்னிடம் போட ஒன்றும் இல்லை. போய் உட்காருவேன். வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் முந்தின நாளே போய், வீட்டுக்காரிகளிடம் சட்டம் மாறியதைச் சொல்வேன். சங்கத்துக்குப் பணம் வேண்டும் என்று இனி ஒருவரும் இந்தக் காற்றில் மரம் தள்ள மாட்டார்கள். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
ரோஸியின் அம்மா