தங்கள் பெயரை எடுத்துவிட்டு எங்கள் பெயரைப் போடும்படி ஒரு மனு

அனுப்புநர்:
கா. பிரேமலதா,
பிரேமலதா வாடகைப் பாத்திரக் கடை,
கோயில் பின்சந்து, சமயபுரம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சூ. இருதயநாதன் அவர்கள்,
திட்ட அலுவலர்,
சிறுதொழிலர் இணைய வழிகாட்டி அலுவலகம்,
ஸ்ரீரங்கம்.

பொருள்: சிறுதொழிலர் இணைய வழிகாட்டியை இம்மாத இறுதியில் மூடும் முடிவைக் கைவிட வேண்டியும், அதன் பக்கங்களைத் தேடுபொறி படிக்கும்படி மாற்றியமைக்க வேண்டியும், அதன் பொருட்டு எல்லாப் பக்கங்களின் தலையிலிருந்தும் தங்கள் பெயரையும் போன் எண்ணையும் எடுத்துவிட வேண்டியும் விண்ணப்பித்தல் தொடர்பாக.

பார்வை: "போதிய பார்வையாளர் இன்மையால் மூடப்படுகிறது" என்னும் தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்யாணம், காதுகுத்து, அன்னதானம் எதுவானாலும் அண்டா முதல் கரண்டி வரை வாடகைக்கு விடுபவள் நான். மேற்படி அறிவிப்பு சனிக்கிழமை கைக்குக் கிடைத்தது. முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. மறுபடி படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. யாரும் வந்து பார்ப்பதில்லை என்கிறீர்கள். வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது தாங்கள் மட்டும்தானே ஐயா! இம்மனுவில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால் அது என் வாயின் குற்றமே தவிர மனதின் குற்றம் அல்ல என்று பணிவுடன் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. வழிகாட்டி தொடங்கிய அன்று ஸ்ரீரங்கத்தில் தாங்கள் கூட்டிய கூட்டத்துக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தோம். எங்களுக்குத் தெரிந்த அச்சு வேலை கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். அதில் பெரியவர்கள் பெயர் மேலே இருக்க வேண்டும், சாமி படம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். ஆகவே "ஐயா பேரும் வாழ்த்தும் எல்லாப் பக்கத்துலயும் மொதல்ல வரட்டும்" என்று கை தட்டினோம். தாங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே அவரவர் விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து ஒட்டினோம். கார்டில் உள்ளதைத் தட்டச்சு செய்து போடலாமா என்று தாங்கள் கேட்டபோது, "மாரியாத்தா படத்த எடுத்துட்டு வெறும் எழுத்தா? நல்லா இருக்கே!" என்று கூட்டத்தில் ஒரு பெண் சத்தம் போட்டது தங்களுக்கு நினைவிருக்கலாம். அது யாரென்று இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

2. இதனால் விளைந்ததைப் பொன்மலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் லின்சிதான் விளக்கினார். வழிகாட்டியில் பக்கங்களை ஏற்றித் தருபவர் அவர். நாம் போனில் ஒன்றை எழுதித் தேடினால் விடை தேடித் தரும் தேடுபொறி, எழுத்தைப் படிக்கிறமாதிரி எங்கள் கார்டுப் படத்தைப் படிப்பதில்லையாம். அதற்குக் கிடைத்த எழுத்தெல்லாம் தங்கள் வாழ்த்துரை. தலைப்பும் எல்லாப் பக்கத்திலும் "திட்ட அலுவலர் வரவேற்கிறார்" என்பதே. எல்லாம் ஒரே பக்கம் என்று நினைத்து அது பலவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டது. தப்பிப் பிழைத்த பக்கங்களில், "சமயபுரத்தில் சமையல் பாத்திரம் வாடகைக்கு வேண்டுமா, ஸ்ரீரங்கத்தில் பட்சணம் செய்ய ஆள் வேண்டுமா, தயங்காமல் அழையுங்கள்" என்ற தங்கள் அழகான வரியும், அதை அடுத்துத் தங்கள் சொந்த எண்ணும் இருந்தன. மக்களும் தயங்கவில்லை.

3. போன வருடம் எங்கள் கோயில் பூச்சொரிதல் திருவிழா சமயத்தில் நடந்தது தங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் கோப்பில் பதிவாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பெரம்பலூர் பக்கமிருந்து நடந்து வந்த காத்தான் என்பவரின் குழுவினர், அன்னதானத்துக்கு அரிசி பருப்பெல்லாம் தனி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இறக்கும்போது அண்டாக்களைக் கீழே போட்டு ஓட்டையாக்கிவிட்டார்கள். போனில் தேடினார்கள். தங்கள் எண் வந்தது. "பெரிய அண்டா ரெண்டு வேணும், கொண்டாந்து குடுப்பீங்களா?" என்று காத்தான் கேட்க, தாங்கள் "யோவ், நான் ஆபீசருய்யா!" என்று கத்த, அவர் "ஆபீசரா இருந்துட்டுப் போங்க சார், அண்டா இருக்கா இல்லையா?" என்று கேட்டாராம்.

தாங்கள் போனை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் என் கார்டைத் தேடியெடுத்து என்னை அழைத்தீர்கள். நான் குட்டியானை வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தாங்களும் அங்கே வந்து நின்றீர்கள். தக்காளி சாதம் வெந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தங்களிடம் கரண்டியைக் கொடுத்ததும் காத்தான்தான். சட்டையெல்லாம் தக்காளிக் கறையோடு தாங்கள் சிரித்துக்கொண்டே பரிமாறியதைப் பார்த்த எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

4. அதன் பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை. ஸ்ரீரங்கம் உத்தர வீதி மாமி ஒருவர் தங்களை அழைத்து, "சீமந்தத்துக்கு எத்தனை அதிரசம் போட்டுத் தருவேள்?" என்று விசாரித்ததைத் தாங்களே சொல்லிச் சிரித்தீர்கள். பேர் ஞாபகம் வந்த கடைக்கெல்லாம் அழைப்பைத் திருப்பிவிட்டீர்கள். சம்பளம் வாங்காமல் எங்கள் கடைகளுக்கு வேலை பார்த்த ஒரே அரசு அலுவலர் தாங்கள்தான். ஆனால் தங்களுக்கு ஞாபகம் வராத கடைகளின் கதி என்ன? திருவெறும்பூரில் தையல் மெஷின் பழுது பார்க்கும் முகம்மது கனியை இன்றுவரை வழிகாட்டி மூலம் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

5. தீபாவளிக்குப் பிறகு தாங்கள் வாய்மொழியாக அனுமதித்தபடி, சோதனைக்காக என் பக்கத்தை மட்டும் லின்சி மாற்றினார். தங்கள் வாழ்த்துரையையும் எண்ணையும் எடுத்துவிட்டு, தலைப்பில் "சமயபுரத்தில் சமையல் பாத்திரம் வாடகைக்கு: பிரேமலதா கடை" என்று எழுதினார். அண்டா, குண்டா, கேஸ் அடுப்பு, விலாசம், போன் எண் எல்லாவற்றையும் எழுத்தாகவே போட்டார். பக்கத்தின் முகவரியில் இருந்த நீளமான எண்களை எடுத்துவிட்டு, பார்த்தாலே புரிகிற சொற்களை வைத்தார். சமயபுரக் கடைகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்று செய்து அதிலிருந்து என் பக்கத்துக்கு வழி வைத்தார். ஆத்தா படமும் போகவில்லை. ஓரத்தில் சின்னதாக, "சமயபுரம் மாரியம்மன்" என்ற குறிப்போடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

6. ஐயா, என் கடை இருப்பது சந்துக்குள். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் கண்ணில் படுவது மெயின் ரோட்டுக் கடைகளின் போர்டுகள்தான். ஐப்பசியில் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு என் தங்கை வீட்டோடு போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன். பக்கம் மாறிய பிறகு தை மாதம் முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சேலத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், திண்டுக்கல்லிலிருந்து கூப்பிடுகிறார்கள். வாயும் வலிக்கிறது, வண்டியும் ஓய்வதில்லை. போன வாரம் அடிப்பிடிக்காத பாயசக் குண்டா ஒன்று புதிதாக வாங்கி, அதை நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இதெல்லாம் சித்திரைத் தேருக்கு முன்னால் மறுபடி இல்லாமல் போய்விடுமே என்பதுதான் என் பயம். வழிகாட்டியை மூடினால் என் பக்கமும் சேர்ந்தே மூடும்.

7. ஆகவே வழிகாட்டியை மூட வேண்டாம் என்றும், என் பக்கத்துக்குச் செய்ததை எல்லாக் கடைகளுக்கும் செய்ய லின்சிக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கார்டுகளைத் தட்டச்சு செய்ய நாங்களே முறை வைத்துக்கொண்டு பொன்மலைக்கு வருகிறோம். காபி, வடை எங்கள் பொறுப்பு.

8. மேலே தங்கள் பெயர் வேண்டும் என்று கை தட்டிய கையாலேயே இப்போது அதை எடுங்கள் என்று எழுதுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாடகைப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது எங்கள் வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. என் கடைப் பாத்திரம் அனைத்திலும் என் பெயரே இருக்கும். காத்தான் குழுவுக்கு அன்று கொண்டுபோன பெரிய அண்டா ஒன்றில் மட்டும், என் பெயருக்கு மேலே, "உயர்திரு சூ. இருதயநாதன்" என்று வெட்டச் சொல்லிவிட்டேன். வெட்டியும் ஆயிற்று. அண்டா என் கடையிலேயே இருக்கும் என்பதால் இது அன்பளிப்பு ஆகாது.

இணையத்தில் தங்கள் பெயரைப் பார்த்தவர்கள் குழம்பித்தான் போனார்கள். இனிமேல் பார்ப்பவர்கள் பந்தியில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள். காத்தான் குழு இந்தச் சித்திரைத் தேருக்கும் அதே அண்டாவைக் கேட்டிருக்கிறது. இந்தத் தடவை அவர்கள் தேடிக் கண்டுபிடித்தது என் எண்ணைத்தான். கரண்டி பிடிக்கத் தாங்கள் வருவீர்களா என்றும் கேட்கிறார்கள். வருவார் என்று சொல்லிவிட்டேன்.

இடம்: சமயபுரம்
நாள்: 24.03.2025

தங்கள் உத்தரவுக்காகவும் வருகைக்காகவும் காத்திருக்கும்,
(ஒப்பம்) கா. பிரேமலதா