எல்லாக் கிளையிலும் நூறு

உன் காகித மரம் மூன்று வாரமாக என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று மேலடுக்கைக் காலி செய்தபோது, பழைய சூட்கேஸுக்குப் பின்னாலிருந்து உருண்டு வந்து என் தோளில் விழுந்தது. ரப்பர் பேண்ட் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தால் செல்லோடேப் போட்டு ஒட்டிய பதினோரு தாள்கள். டேப் எல்லாம் மஞ்சளாகி, பழைய பசை வாடை. சிவப்புப் பேனாவில் உன் எண்கள். ஒவ்வொரு தப்பான எண்ணையும் அடித்து, அது எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாய். அதை மறுபடி சுருட்டி வைக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. மேசையின் மற்ற பாதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தாலும் இந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். பெங்களூரு ஒக்கலிபுரத்தில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவள் நீ. வீட்டில் தமிழ் பேசுவாய், ஆனால் ஒரு எழுத்து தெரியாது. 'டி' வர வேண்டிய இடத்தில் எல்லாம் உனக்குக் கன்னடத்து 'கணே' தான் வரும். "எங்க எழுத்த ஜிலேபின்றீங்க இல்ல, உங்களுது மட்டும் இன்னா, முறுக்கு கணே" என்று பஸ்ஸில் சத்தமாகச் சொல்வாய். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மானத்தை வாங்குகிறாளே என்று இருக்கும். அந்த மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் நான் எப்போதும் கெட்டிக்காரி.

பொம்மசந்திராவில் அந்தப் பரிசோதனை நிறுவனத்தில் நாம் இருவரும் கணினிப் பிரிவு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கிருமிகளின் மரபணு வரிசையைப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று மரம் வரைந்து கொடுக்கும் வேலை. இருந்த மென்பொருள்கள் எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. "இது வரையறதுக்கு என் தம்பி புள்ள வரைவான்" என்று சொல்லிவிட்டு நீயே ஒன்று எழுத ஆரம்பித்தாய். வரைகிற பகுதி முழுக்க உன்னுடையது. வேர் மாற்றுகிற பகுதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அது நன்றாகவே வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுவனமே தன் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டது. பெயர் உன் பெயர் மட்டும். நான் அப்போது கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரைப் போடக்கூடாது என்பது விதி. அதற்காக நீ மேலாளரிடம் மூன்று தடவை சண்டைக்குப் போனாய். "பாதி வேல அவளுது சார், பேரு மட்டும் என்னுதுன்னா இன்னா நியாயம்?" என்று நீ கேட்டது கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

வேர் மாற்றுவது என்றால் என்ன என்று உன் அம்மா ஒரு நாள் கேட்டார்கள். அவர்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நீ ஒரு இணுக்கை எடுத்து, முதலில் காம்பைப் பிடித்துத் தூக்கினாய், பிறகு நுனியைப் பிடித்துத் தூக்கினாய். "கீரை அதே தான்மா. எது மேல, எது கீழன்றது மட்டும் மாறும்." அதைவிட எளிதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எண் உண்டு. அந்தக் கிளையை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குச் சொல்கிற எண். ஆனால் கோப்பில் அந்த எண்ணைக் கிளைமேல் எழுதுவதில்லை, கிளை பிரிகிற கணுவில் எழுதுவார்கள். மரத்தை வேறு முனையில் பிடித்துத் தூக்கினால், வழியில் இருக்கும் கணுக்களின் எண்களையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு கிளையின் எண் பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

நான் மாற்றவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கு அது தோன்றவே இல்லை. சரி, சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்பாய். சோதித்தேன். பன்னிரண்டு கிளை உள்ள ஒரு சின்ன மரத்தை நானே தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு கிளைக்கும் வேறு வேறு எண் யோசிக்கச் சோம்பல்பட்டு, எல்லாக் கிளையிலும் நூறு என்று போட்டேன். வேரை மாற்றினேன். எங்கே பார்த்தாலும் நூறு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். நூறு இருந்த இடத்துக்கு நூறு வந்தால் யாருக்குத் தெரியும்? இந்தத் தொழிலில் இதைவிட முட்டாள்தனமான சோதனையை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெண்ணின் மெயில் வந்தது. கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவி. மலை ஓடைத் தவளைகளில் ஒரு கூட்டம் தனி வகை என்று நம் மென்பொருள் காட்டிய மரத்தை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தாள். அந்தக் கிளையில் தொண்ணூற்றெட்டு இருந்தது. இன்னொருவர் அதே தரவை வேறொரு கருவியில் போட்டுப் பார்த்தபோது நாற்பத்தொன்றுதான் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். உதவித்தொகை நீட்டிப்பும் அதோடு போயிற்று. 'எங்கே தவறு என்று மட்டும் சொல்ல முடியுமா, மேடம்' என்று கேட்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நீ அவளுடைய மரத்தை அச்சடித்தாய். எந்த மரத்தையும் திரையில் நம்ப மாட்டாய் நீ. தாள் தாளாக எடுத்து, ஒட்டி, தரையில் விரித்து, நான் மூலக் கோப்பிலிருந்து எண்களை உரக்கப் படிக்க, நீ மண்டியிட்டு விரல் வைத்துக்கொண்டே வருவாய். அன்றும் அப்படித்தான் செய்தோம். பாதி தூரம் வந்ததும் உன் விரல் நின்றது. "இன்னொரு தபா படி." படித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்தாய். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த எண்ணைப் படித்தேன்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, வேர் மாற்றும் பகுதியை யார் எழுதியது என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டியிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எத்தனை விநாடி இருக்கும்? பிறகு நீ, "என்னுது சார்" என்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில், நூறு போட்டுச் சோதித்ததைச் சொல்லி நான் அழுதேன். நீ கடலைப் பொட்டலத்தை நீட்டினாய். "சும்னே இரு கணே. உன்னுது பர்மனென்ட் ஆவட்டும். அப்பால நீயே சொல்லு. இன்னா இப்ப, தலையா போய்டும்?" என்றாய்.

எனக்கு நிரந்தரம் ஆயிற்று. உன்னைக் கணினிப் பிரிவிலிருந்து எடுத்து, மாதிரிக் குழாய்கள் வந்து இறங்கும் கவுன்டரில் போட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை குழாய்களுக்கு பார்கோடு ஒட்டும் வேலை. இணையப் பக்கத்தில், வேர் மாற்றும் வசதியில் பிழை உள்ளது, சரிசெய்யும் வரை அந்த வசதியை எடுத்துவிட்டிருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு. அதன் கீழே உன் பெயர். அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் சீக்கிரம் கீழே இறங்கிவிடுவேன், கண்ணில் படாமல். இன்றைக்குச் சொல்லலாம், இந்த மாதம் முடியட்டும், இந்த ஆடிட் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். நீ ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அதை உன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தோதாக இருந்தது.

அப்புறம் உனக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் புற்று என்றார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, உன் புடவை உன்மேல் நிற்காத அளவுக்குப் போய்விட்டாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தச் சனிக்கிழமை உன் அம்மா சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அறையில் நாம் இரண்டு பேர்தான். சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன், நம்பு. நீதான் முதலில் பேசினாய்.

"அந்த வேர் மாத்தறது... சரி பண்ட்டியா?"

"பண்ணிட்டேன்" என்றேன். பண்ணவில்லை. அந்தக் கோப்பை நான் தொட்டே ஒரு வருடம் ஆகியிருந்தது.

"இன்னா வெச்சு டெஸ்ட் பண்ண?"

"அந்தத் தவளை டேட்டாவை வெச்சுத்தான்."

"நூறு நூறுன்னு போடலயே?" என்று சிரித்தாய். சிரித்ததும் வலித்தது உனக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணுக்குச் சொல்லலாம்" என்றாய். நான் தலையாட்டினேன். உன் அம்மா வந்துவிட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உன் காரியம் முடிந்த பிறகுதான் அதைச் சரி செய்தேன். ஒரு மத்தியான நேரத்து வேலை, பதினான்கு வரிகள். அந்தப் பதினான்கு வரிகளை எழுதத்தான் எனக்கு நீ சாக வேண்டியிருந்தது. அப்போதுகூடப் பக்கத்தில் 'சில பிழைகள் திருத்தப்பட்டன' என்று மட்டும்தான் போட்டேன். யாருடைய பிழை என்று போடவில்லை. செத்தவள்மேல் இருந்த பழி அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மேலடுக்கிலிருந்து உன் மரம் விழுந்த அன்று என்னால் அதற்கு மேல் முடியவில்லை. தாள்களை விரித்து உன் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். இந்தப் பிழை என்னுடையது, என் தோழிக்கு இதில் பங்கில்லை, எல்லாக் கிளைக்கும் நூறு போட்டுச் சோதித்தது நான்தான் என்று என் பெயரோடு பக்கத்தில் போட்டேன். மேலாளருக்கு அனுப்பினேன். அவர் மாறிப் புதியவர் வந்திருக்கிறார். 'தகவலுக்கு நன்றி' என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் பயந்து பயந்து செத்தது இந்த ஒரு வரிக்காகத்தான். தலை போகவில்லை, நீ சொன்னது போலவே. கடைசியாக அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்போது ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறாளாம்.

அவளுடைய பதில் நேற்று வந்தது.

'நீங்கள்தானா அது, மேடம்? அந்தப் பகுதியைத் தான் எழுதவில்லை என்று அக்கா அப்போதே எனக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை. எழுதியவளே உனக்கு எழுதுவாள், கொஞ்சம் பொறுத்துக்கொள், நல்ல பெண், பயந்திருக்கிறாள் என்றார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் அனுப்பியிருந்தார்கள், எழுதினாளா என்று. இல்லை என்று பதில் போட்டேன். மன்னிக்க வேண்டும், அவர்கள் அவ்வளவு முடியாமல் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.'

ஞாயிற்றுக்கிழமை. நான் உன்னைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்.

எழுதியாயிற்று என்று அவள் சொல்லியிருக்கக்கூடிய அந்தப் பொய்யைக்கூட நான் உனக்காகச் சொல்லியிருக்கலாம். எனக்காகச் சொல்லிக்கொண்ட பொய்தான் அன்றைக்கு வாயில் வந்தது. நீ பொறுத்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ காத்துக்கொண்டிருந்தாய். அதுவும் என்னை நல்ல பெண் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு.

அவள் போட்ட அந்த 'இல்லை'யைப் படித்த பிறகு நீ இன்னும் ஒன்பது நாள் இருந்தாய். நேற்றிலிருந்து நாட்காட்டியை வைத்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அந்த ஒன்பது நாளும் போன் என் கையில்தான் இருந்தது.